மேலிடத்தின் இடது கை

லிஃப்ட் ஓடவில்லை. கதவில் ஒரு அட்டை தொங்கியது. அட்டையே பழுப்பேறிக் கிடந்ததைப் பார்த்தால், லிஃப்ட் படுத்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும்.

நோட்டரியின் அலுவலகம் இரண்டாவது மாடியில். அம்மா சக்கர நாற்காலியில்.

"ஆரம்பமே ஜோரா இருக்கு" என்றான் பெரியவன்.

 இளையவள் மனதுக்குள் அந்தக் கட்டடத்துச் சொந்தக்காரனின் பரம்பரையையே விசாரித்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காலை ஷிஃப்டைக் கெஞ்சிக் கூத்தாடி இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டு, யூனிஃபார்ம் சட்டையோடு வந்திருந்தாள். இன்றைக்கு விட்டால் இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

போன மாதம் அம்மா சமையலறையில் விழுந்தாள். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போயின. உயிர் தங்கியதே பெரிது என்றார் டாக்டர். ஆனால் உடனே பயிற்சி தொடங்கினால்தான் கால் திரும்பும், தள்ளிப்போட்டால் கட்டையாகிவிடும் என்றும் சொன்னார். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மருத்துவமனையில் ஒரு படுக்கையும் அமைந்தது. அமைந்ததோடு சரி. சேர்ப்பதற்கு அம்மாவின் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் அம்மாவுக்காகக் கையெழுத்துப் போட அதிகாரம் பெற்றவர் வேண்டும்.

புருஷன் குத்துக்கல் மாதிரி இருக்கிறாரே என்றால், அங்கேதான் வந்தது வினை. மனைவி எப்படி இருக்கிறார் என்று டாக்டர் ஒருநாள் அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்குக் காது பாதிதான். கேள்வி மட்டும் சரியாகவே விழுந்தது. அவ நல்லாப் பேசிட்டுதானே இருக்கா, என்றார். டாக்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் தெளிவான நிலையில் இல்லை என்று குறிப்பில் ஏறிவிட்டது. அன்றோடு அப்பாவின் கையெழுத்தும் செல்லாக்காசு.

அதனால்தான் பவர் பத்திரம். அம்மாவுக்கு ஒன்று, கையோடு அப்பாவுக்கும் ஒன்று. போன வாரம் பார்த்த நோட்டரி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். பேசாதவருக்கு நான் என்ன அத்தாட்சி கொடுப்பது என்று கேட்டார். இது இரண்டாவது ஆள். படுக்கையை இன்று மாலை அலுவலகம் மூடும் வரைதான் வைத்திருப்போம் என்று பயிற்சி மருத்துவமனை சொல்லிவிட்டது.

பெரியவனின் தோள்பையில் வேறொரு காகிதம் இருந்தது. அம்மாவுக்கு சுயநினைவு இல்லை, பாதுகாவலரை நியமியுங்கள் என்று நீதிமன்றத்துக்கு எழுதிய மனு. அது நடந்து முடிய மாதக்கணக்காகும். அதற்குள் அம்மாவின் கால் மரமாகிவிடும்.

பெரியவன் கெட்டவன் இல்லை. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. படிவத்தில் கட்டம் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை என்பது அவன் கட்சி. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாள் பூராவும் உட்கார்ந்திருந்தான். ஒரு விரல்கூட அசையவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். வெளியே வந்ததும், அம்மா போயாச்சு, உடம்புதான் இருக்கு, என்றான். அன்றைக்கு இளையவள் அவனோடு போட்ட சண்டையின் கசப்பு இன்னும் இருவர் நாக்கிலும் இருந்தது. பத்திரத்தில் உன் பெயரையும் போடட்டுமா என்று அவள் கேட்டபோது, செல்லாத காகிதத்தில் என் பெயர் எதற்கு என்று சொல்லிவிட்டான். இன்று வந்ததே அம்மாவை வேனில் ஏற்றி இறக்கத்தான்.

தூக்குவது என்று முடிவானதும் அப்பா முன்னுக்கு வந்தார்.

ஒரு காலத்தில் இரும்பு வார்ப்பாலையில் அவர் சங்கிலி மாட்டுகிற ஆள். உருக்கிய இரும்பு நிரம்பிய கொப்பரையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கீழே நின்று கையால் வழி சொல்வார். தலைக்கு மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்து அதை ஓட்டியது அம்மா. ஆலையில் அவருக்குப் பெயர் கொக்கி, அவளுக்குப் பெயர் மேலிடம். கல்யாணமான பிறகு, கொக்கி வீட்டில் எல்லாமே மேலிடத்து உத்தரவுதான் என்று ஆலையே சிரித்தது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். பொய் இல்லையே.

அப்பா நாற்காலியின் சக்கரத்தை உலுக்கிப் பார்த்தார். கால்பலகையின் திருகை விரலாலேயே முறுக்கினார். போர்வையைச் சுருட்டி அம்மாவின் இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு ஒரு முடிச்சுப் போட்டு, அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பெரியவன் மேலே, பின்பக்கக் கைப்பிடியில். இளையவளும், அவர்களை அழைத்துவந்த வேன் டிரைவரும் கீழே, முன் சக்கரங்களில். அம்மாவின் முகம் படிக்கட்டின் கீழ்ப்பக்கம் பார்த்திருந்தது. அப்பா எல்லோருக்கும் கீழே, முதல் படிக்கும் கீழே போய் நின்றுகொண்டார்.

"அங்க நின்னு என்னப்பா பண்ணப் போறீங்க?" என்றான் பெரியவன். அப்பாவுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் மதிக்கவில்லை.

அவர் வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்னதாகச் சுழற்றினார். பிறகு தூக்கச் சொன்னார்.

தூக்கினார்கள். ஒரு படி. இன்னொரு படி. ஒவ்வொரு முறையும் அப்பாவின் விரல் சுழன்றது. இளையவளின் கண்ணுக்கு நேரே அம்மாவின் மடி. அந்த மடியில் இருந்த இடது கையின் விரலும் சுழன்றது. நடுக்கம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

திருப்பத்தில் பெரியவன் அவசரப்பட்டான். மூச்சு வாங்க, நாற்காலியை ஒரே இழுப்பில் சுற்றப் பார்த்தான். அப்போது அம்மாவின் இடது கை மடியை விட்டு எழுந்து பக்கவாட்டில் நீண்டது. உள்ளங்கை தரையைப் பார்த்திருந்தது. விறைப்பாக நின்றது.

"நிறுத்து" என்றார் அப்பா கீழேயிருந்து.

அந்தக் குரலுக்கு ஆலையே நின்றிருக்கும். மூன்று பேர் நிற்பதற்கு என்ன. இளையவள் குனிந்து பார்த்தாள். சக்கரம் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே சிக்கியிருந்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் நாற்காலி கவிழ்ந்து அம்மா தலைகுப்புற வந்திருப்பாள்.

பெரியவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவ்ளோ கீழ இருந்து உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?"

"எனக்கு எங்கடா தெரியும். அவ சொன்னா."

பெரியவன் தங்கையைப் பார்த்தான். டாக்டர் பார்த்த அதே பார்வை. ஆனால் இந்த முறை அவள் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் அம்மா விரலைச் சுழற்றினால் எழுந்து பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும். உள்ளங்கையை அப்படி நீட்டினால் சண்டையை அந்த இடத்திலேயே விட வேண்டும். எல்லா வீட்டு அம்மாக்களும் இப்படித்தான் என்று எண்ணி வளர்ந்துவிட்டார்கள். அது ஆலையிலிருந்து வந்தது என்று யார் கண்டது.

மாடித் திருப்பத்திலேயே நாற்காலியை இறக்கிவைத்து, இளையவள் அப்பாவின் காதருகே போய்க் கேட்டாள். அம்மா கையை ஆட்டுகிறாளே, அது என்ன.

"திருப்பிக் காட்டுறா. நான் கீழ இருந்து ஒண்ணு காட்டினா, மேல இருந்து அதையே திருப்பிக் காட்டணும். அதுக்கப்புறம்தான் கிரேன் அசையணும். தலையாட்டுறதெல்லாம் அங்க செல்லாது பாப்பா. மேல நெருப்பு தொங்குது, கீழ ஆள் நிக்கிறான். புரிஞ்சுதா இல்லையான்னு தெரிய வேணாமா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "சரியில்லன்னு பட்டா திருப்பிக் காட்ட மாட்டா. கையை நீட்டிடுவா. எங்கப்பனே சொன்னாலும் அப்புறம் தூக்க மாட்டா."

"இத்தனை நாளா இத ஏன்ப்பா சொல்லல?"

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சொன்னேனே. டாக்டர்கிட்டயே சொன்னேன். நல்லாப் பேசுறான்னு."

வேன் டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். இளையவள் போய் முன் சக்கரத்தை மறுபடி பிடித்தாள். மிச்சப் படிகளில் நாற்காலியைத் தூக்கியது அவளுக்கு நினைவில்லை.

நோட்டரி ஒரு பெண்மணி. இருமல் மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பேசுகிறவர். எதிரே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் இரைச்சலைத் திட்டிக்கொண்டே ஜன்னலை மூடினார். பத்திரத்தைப் படித்தார். அம்மாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்க பேர் என்னம்மா, என்றார்.

அம்மாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சத்தம் வரவில்லை.

பெரியவன் பதில் சொல்ல வாயெடுத்தான். நோட்டரி அவனைப் பார்க்காமலே, நீங்க சொல்லக் கூடாது, என்றார். ஃபைலை மூடப் போனார்.

இளையவள் முந்திக்கொண்டாள். படிக்கட்டு, சக்கரம், விரல், ஆலை என்று மளமளவென்று சொல்லி முடித்தாள். பேருந்தில் டிக்கெட் தகராறு தீர்த்தே பழகிய குரல். கெஞ்சல் அதில் வராது. நோட்டரி சிரிக்கவில்லை. மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா பவர் வாங்கப் போறவங்க நீங்க. உங்க வாயால வர்ற அர்த்தம் செல்லாது. இவர் புருஷன், இவரும் கூடாது. உங்க வீட்டுக்குள்ள நீங்களா ஒரு பாஷை வெச்சிருந்தா அதுக்கு நான் எப்படிம்மா முத்திரை குத்துறது? நாளைக்கு யாராவது கேட்டா, விரலைச் சுத்தினாங்க, நானும் குத்திட்டேன்னு சொல்லவா?"

நியாயமான கேள்வி.  பெரியவன் தோள்பையின் ஜிப்பில் கை வைத்தான்.

அப்பாவுக்கு இந்தப் பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மூக்கு ஒட்ட எதிர்க் கட்டடத்தின் கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று உச்சுக்கொட்டினார். "அறிவுகெட்டவன். முழங்கையை மடக்கிட்டுக் காட்டுறான். மேல இருக்கிறவனும் திருப்பிக் காட்டாமலே தூக்குறான். வேலிலதான் படம் போட்டு மாட்டியிருக்கே, பாக்க மாட்டானுங்களா?"

நோட்டரி எழுந்து ஜன்னலுக்கு வந்தார். எதிரே தகர வேலியில் ஆள் உயரப் பலகை ஒன்று. ஹெல்மெட் போட்ட மனிதனின் படங்கள் வரிசையாக. கை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்: ஏற்று. இறக்கு. நிறுத்து. தினமும் ஜன்னலைச் சாத்தும்போது அவர் பார்த்துச் சபித்த பலகைதான். இன்றைக்குத்தான் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"அந்தப் பலகையை நீங்க எழுதி மாட்டலையே?" என்றார் இளையவளிடம்.

"இல்ல மேடம்."

"நானும் மாட்டல."

அதற்குமேல் பேசவில்லை. போனை எடுத்துக்கொண்டு அவரே படியிறங்கிப் போனார். திரும்பி வந்தபோது மூச்சு இரைத்தது. மிட்டாய் கரைந்துவிட்டிருந்தது. பலகையின் புகைப்படத்தைப் பெரிதாக அச்செடுத்து மேசைமேல் வைத்தார். சாட்சிக்குத் தன் டைப்பிஸ்ட்டையும், பக்கத்து அறைப் பல் டாக்டரிடமிருந்து நர்ஸையும் கூப்பிட்டார். அம்மாவைத் தவிரக் குடும்பத்தில் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

கதவில் கண்ணாடி பதித்திருந்தது. வெளியே வராந்தாவில் நின்ற மூவரும் அதன் வழியே உள்ளே பார்த்தார்கள். சத்தம் வரவில்லை. உதடுகள் அசைவதும் கைகள் அசைவதும் மட்டும் தெரிந்தன. அப்பாவுக்கு அது பழகிய உலகம். சாய்ந்து நின்று வசதியாகப் பார்த்தார். மற்ற இருவரும்தான் கண்ணாடியோடு ஒட்டி நின்றார்கள்.

நோட்டரி படத்தைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார். விரலைச் சுழற்றினார். அம்மாவின் இடது கை மடியிலேயே கிடந்தது.

மறுபடி சுழற்றினார். அசையவில்லை.

"பாத்தியா" என்றான் பெரியவன் மெதுவாக. குத்திக்காட்டும் குரல் அல்ல. பார்த்துவிடக்கூடாதே என்று பயந்ததைப் பார்த்துவிட்டவனின் குரல். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"அவ எப்படித் திருப்பிக் காட்டுவா?" என்றார் அப்பா எரிச்சலாக. "முழங்கையைப் பாரு, விலாவோட ஒட்டிக் கெடக்கு. அந்தக் கைக்கு எவனும் சுமை தூக்க மாட்டான்."

உள்ளே அம்மா கையை எடுத்தாள். மெல்ல, முழுவதுமாக உயர்த்தினாள். முழங்கையை உடம்பை விட்டு விலக்கி, விரலைச் சுழற்றிக் காட்டினாள். பிறகு கையைத் தொங்கவிட்டு, நோட்டரியையே பார்த்தபடி காத்திருந்தாள். புது ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற மாதிரி.

நோட்டரி படத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். முழங்கையை விலக்கி, கையை உயர்த்திச் சுழற்றினார்.

அம்மா அதையே திருப்பிக் காட்டினாள்.

பல் டாக்டரின் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். இளையவள் அண்ணனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். அவன் திரும்பினான். திரும்பியவன் அதன்பிறகு கண்ணாடியை விட்டு அகலவில்லை.

நோட்டரி என்ன கேட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. சரி என்றால் ஏற்று, இல்லை என்றால் நிறுத்து என்று முதலில் பேசிக்கொண்டார். வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டார். வெயில் கொளுத்தியது. உள்ளங்கை நீண்டது. உங்களுக்கு நாலு பிள்ளைகளா என்று கேட்டார். உள்ளங்கை. மகள் பேருந்து ஓட்டுகிறாளா. விரல் சுழன்றது. உங்களை யாராவது மிரட்டிக் கூட்டிவந்தார்களா என்று கேட்டபோது உள்ளங்கை நீண்ட வேகத்தில் நர்ஸ் தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

பிறகு பத்திரத்தை வரி வரியாகப் படித்தார். சிகிச்சைக்கு ஒப்புதல் தர. விரல். பென்ஷன் கணக்கைக் கையாள. விரல். இந்த அதிகாரத்தை என் மகளுக்குத் தருகிறேன்.

உள்ளங்கை நீண்டது.

கண்ணாடிக்கு வெளியே இளையவள் நோட்டரியின் உதட்டசைவில் 'மகளுக்கு' என்பதை மட்டும் படித்துவிட்டாள். எதற்கு நிறுத்துகிறாள்? நோட்டரி மறுபடி படித்தார். மறுபடியும் உள்ளங்கை, முன்னைவிட விறைப்பாக. நோட்டரி பேனாவைக் கீழே வைத்தார். எல்லாம் போயிற்று என்றே இளையவள் நினைத்தாள். அம்மாவுக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா?

அம்மா அந்தக் கையை மடக்கி, ஒற்றை விரலால் கதவுக் கண்ணாடியைக் காட்டினாள். விரல் முதலில் இளையவளைத் தொட்டது. பிறகு நகர்ந்து பெரியவனிடம் நின்றது. பிறகு இரண்டு விரல்களைச் சேர்த்து நோட்டரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அதானே" என்றார் அப்பா. "ஒத்தைச் சங்கிலில என்னைக்குத் தூக்கியிருக்கா. ரெண்டு போட்டாத்தான் கொக்கியையே இறக்குவா."

நோட்டரி கதவைத் திறந்து பெரியவனை உள்ளே கூப்பிட்டார். உங்க தங்கையோட சேர்ந்து இந்தப் பொறுப்பை ஏத்துக்குறீங்களா என்று கேட்டார். தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவன் வாயால் பதில் சொல்ல முயன்றான். முடியவில்லை. கையைத் தூக்கி விரலைச் சுழற்றினான். முழங்கை விலாவோடு ஒட்டித்தான் இருந்தது. அம்மா ஒரு கணம் பார்த்தாள். மன்னித்துத் திருப்பிக் காட்டினாள்.

இரண்டு பெயர்களோடு பத்திரம் மறுபடி அச்சானது. அம்மாவின் இடது கட்டைவிரல் மையில் தோய்ந்து காகிதத்தில் அழுந்தியது. பலகையின் படமும், கேள்வி பதில் நடந்த விதமும் பின்னிணைப்பாகச் சேர்ந்தன. நோட்டரி முத்திரையைக் குத்தியபோது மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் குலுங்கியது.

அடுத்து அப்பாவின் பத்திரம். அப்பா அதைக் கையில் வாங்கினார். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, தூரத்தில் வைத்துப் பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "என் பவர் அவகிட்ட இருக்கு. ரெண்டு பேருக்குக் குடுக்க முடியாது" என்றார். இளையவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். காது கேட்காதவரிடம் வாதாடி ஜெயித்தவர் யார். நோட்டரி புது மிட்டாயின் காகிதத்தை உரித்தார். இன்னைக்கு எனக்கு இது போதும், அவரை இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்க, என்றார்.

இறங்கும்போது யாரும் சொல்லாமலே பெரியவன் ஒவ்வொரு படியிலும் நின்று அம்மாவின் இடது கையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போனான்.

பயிற்சி மருத்துவமனையின் சேர்க்கை அலுவலகத்தில் ஜன்னல் திரைகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். அங்கிருந்த அதிகாரி பத்திரத்தைப் புரட்டினார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு டாக்டரின் குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். நோயாளியால் பேச இயலாது என்று உங்கள் டாக்டரே எழுதியிருக்கிறார், அப்படிப்பட்டவர் கொடுத்த அதிகாரத்தை எப்படி ஏற்பது என்றார்.

இளையவள் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குரல். உரத்துப் பேசாத, உட்கார்ந்த இடத்தை விட்டு நகராத குரல்.

"சார், அந்தக் குறிப்பை இன்னொரு தடவை படிங்க. பேச முடியாதுன்னு எழுதியிருக்கு. புரியாதுன்னு எங்க எழுதியிருக்கு? அந்த வரியக் காட்டுங்க, நாங்க எழுந்து போயிடறோம்."

அதிகாரி தேடினார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்பக்கத்துக்கு வந்தார்.

"இல்லாததை நீங்களா சேத்துப் படிக்கக் கூடாது" என்றான் பெரியவன். சொல்லிவிட்டு ஒரு கணம் தன் பேச்சைத் தானே கேட்டவன் போல நிறுத்தினான். "நானும் அப்படித்தான் படிச்சேன். தப்பு."

அதிகாரி நோட்டரிக்குப் போன் போட்டார். அவர் கேட்ட கேள்வி முழுதாக முடியவில்லை. மறுமுனைக் குரல் மேசைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"எனக்குக் கையை எப்படித் தூக்கறதுன்னு பாடம் எடுத்த அம்மா அவங்க. அவங்களுக்குப் புத்தி தெளிவா இருக்கான்னு என்கிட்டயா கேக்கறீங்க? முத்திரை என்னுது, பேர் என்னுது, எழுதிக்கோங்க."

அதிகாரி போனை வைத்தார். சேர்க்கைப் படிவத்தை முன்னால் தள்ளி, யார் யார் கையெழுத்துப் போடறீங்க, என்றார்.

இரண்டு பேரும் போட்டார்கள். அண்ணனின் கையெழுத்து கட்டத்துக்குள் அடங்கி நின்றது. தங்கையின் கையெழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியது.

அம்மாவுக்கு ஜன்னலோரப் படுக்கை. பயிற்சி கொடுக்கும் பெண் வந்து காலைத் தொட்டுப் பார்த்தாள், மடக்கினாள், நீட்டினாள். நேரத்தோடு வந்துவிட்டீர்கள், நாளை காலையிலேயே தொடங்கிவிடலாம் என்றாள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த ஒரு மாத ஓட்டம். இளையவள் ஜன்னல் பக்கம் போய் நின்று, வெளியே பார்ப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பார்க்க வருகிறவர்களுக்கான நாற்காலி கட்டிலின் வலது பக்கம் கிடந்தது. பெரியவன் அதில் உட்கார்ந்து அம்மாவின் வலது கையைப் பிடித்தான்.  அந்தக் கையையே பார்த்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நாள் பூராவும் பிடித்துக்கொண்டிருந்தது எந்தக் கை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

எழுந்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி இடது பக்கம் வந்தான். அம்மா அவன் கையைப் பிடிக்கவில்லை. ஓங்கி ஒன்று வைத்தாள், மணிக்கட்டில். சுள்ளென்று விழுந்தது. பிறகுதான் பிடித்துக்கொண்டாள்.

"சரியான அடி" என்றான் அவன், கண்ணில் நீர் வழிய. "நல்லாத்தான்மா இருக்க."

கட்டிலருகே இருந்த மருந்து மேசை ஆடியது. டம்ளர் வைக்க முடியவில்லை. பெரியவன் தோள்பையைத் திறந்து நீதிமன்ற மனுவை எடுத்து, அழகாக நாலாக மடித்து, ஆடின காலுக்கு அடியில் செருகினான். மேசை நின்றது. இளையவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். சில வெற்றிகளைச் சத்தம் போட்டுக் கொண்டாடினால் கெட்டுப்போகும்.

கிளம்பும் நேரம். அப்பா கட்டிலின் கால்மாட்டில், வழக்கம்போலச் சற்றுத் தள்ளி, அம்மாவின் கண்ணுக்கு நேரே நின்றார். விரலை மேலே நீட்டிச் சுழற்றினார். நாளைக்கு எழுந்து நிற்க வேண்டும் என்கிறார். இப்போது இளையவளுக்கே புரிந்தது.

அம்மா திருப்பிக் காட்டினாள். முழங்கை விலகி, கை முழுதாக உயர்ந்து.

பிறகு அவள் கையை இறக்கவில்லை. அப்பாவின் சட்டைப் பையைக் காட்டினாள். மடித்த பத்திரம் அதிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. விரலைக் கீழ்நோக்கித் திருப்பி, மெதுவாகச் சுழற்றினாள். வேலியிலிருந்த பலகையில் அதற்கும் ஒரு படம் உண்டு. இறக்கு. சுமந்தது போதும், கீழே வை, பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

அப்பா பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கை தன்னிச்சையாகச் சட்டைப் பைக்குப் போய் அதை மூடிக்கொண்டது.

அம்மா இரண்டாம் முறை காட்டினாள்.

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்த நாளிலிருந்து இதுவரை நடக்காத ஒன்று அது. மேலிடம் காட்டியதைக் கொக்கி திருப்பிக் காட்டவில்லை.